எரிந்த ஓவியமும் மிஞ்சிய அச்சும்: ரட்லண்ட் சீமாட்டியின் உருவப்படம்

1816 அக்டோபர் 26 அன்று இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயரில் ஒரு கோட்டை தீப்பிடித்தது. எழுத்தைப் பார்த்தால் பெல்வாயர் என்று படிக்கத் தோன்றும் பெயர். ஊர்க்காரர்கள் சொல்வது பீவர். ரட்லண்ட் பிரபுக் குடும்பத்தின் வீடு அது. அப்போது கோட்டையைப் புதிதாக மாற்றிக் கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தது. பழைய பகுதியும் அதிலிருந்த படக்கூடமும் தீயில் போயின.

போனவற்றில் பிரெஞ்சு ஓவியர் பூஸான் வரைந்த 'ஏழு அருட்சாதனங்கள்' வரிசையின் 'பாவசங்கீர்த்தனம்' உண்டு. ஆங்கில ஓவியர் ஜோஷுவா ரேனால்ட்ஸின் படங்கள் பல உண்டு. நான்காம் ரட்லண்ட் பிரபு 1,200 கினி (அன்றைய ஆங்கிலப் பொன் நாணயம்) கொடுத்து வாங்கிய 'கிறிஸ்து பிறப்பு' அவற்றில் பெரியது. அப்புறம், அந்தப் பிரபுவின் மனைவி மேரி இசபெல்லாவை ரேனால்ட்ஸ் வரைந்த முழு உருவப் படம். இந்தக் கட்டுரை அந்த ஒரு படத்தைப் பற்றியது.

தீப்பிடித்த நாளில் மேரி இசபெல்லா உயிரோடுதான் இருந்தார். வயது அறுபது. அதற்குப் பிறகும் 15 ஆண்டுகள் வாழ்ந்து 1831-ல் இறந்தார். முகத்தைக் காலத்துக்கும் காப்பாற்றி வைக்கத்தான் உருவப்படம் வரைகிறார்கள். இங்கே முகத்துக்குச் சொந்தக்காரர் இருக்க, படம் முந்திக்கொண்டு போய்விட்டது.

ஆனாலும் இன்று அந்தப் படத்தில் அவர் எப்படி நின்றார், என்ன உடுத்தியிருந்தார், தலைமுடியை எப்படிக் கட்டியிருந்தார், வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுந்தது என்று நம்மால் சொல்ல முடிகிறது. 1780-ல் வேலன்டைன் கிரீன் என்ற செதுக்குக் கலைஞர் அந்தப் படத்தைப் பார்த்து ஒரு செப்புத் தகட்டைச் சுரண்டி, காகிதத்தில் அச்செடுத்து வெளியிட்டிருந்தார். ஓவியம் ஒன்றே ஒன்றுதான். அச்சுகள் பல வீடுகளுக்கும் அலமாரிகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தன. ஒரு கோட்டை எரிந்து எல்லாவற்றையும் அழிக்க முடியாது.

இந்த மாதிரி அச்சுகளை 'நகல்' என்ற ஒரே சொல்லில் ஒதுக்கிவிடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அருங்காட்சியகத்தில் எண்ணெய் ஓவியத்தின் முன்னால் பத்து நிமிடம் நிற்பவர்கள், பக்கத்து அறையில் இருக்கும் கறுப்பு வெள்ளை அச்சைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். ரேனால்ட்ஸ் விஷயத்தில் அது பெரிய தவறு என்பது என் எண்ணம். எரிந்த படத்துக்கு மட்டும் சொல்லவில்லை. எரியாமல் தப்பிய ரேனால்ட்ஸ் படங்களுக்கும் அச்சுதான் பல இடங்களில் நல்ல சாட்சி.

ஓவியரும் அவருடைய அச்சுக்காரர்களும்

ரேனால்ட்ஸ் 1723-ல் டெவன் மாவட்டத்துப் பிளிம்டனில் பிறந்தவர். அப்பா பள்ளி ஆசிரியர். 17 வயதில் லண்டன் வந்து தாமஸ் ஹட்சனிடம் தொழில் பழகினார். 1749-ல் கெப்பல் என்ற கடற்படைத் தளபதியின் கப்பலில் மத்தியதரைக் கடல் போய், இரண்டு ஆண்டுகள் ரோமில் தங்கிப் பழைய ஆசான்களைப் படித்தார். திரும்பி வந்து அதே கெப்பலை முழு உருவமாக வரைந்து பெயர் வாங்கினார். 1758-ல் ஒரே ஆண்டில் ஏறத்தாழ 150 பேர் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். 1768-ல் கலைஞர்களின் அமைப்பான ராயல் அகாடமி தொடங்கியபோது அதன் முதல் தலைவர் அவர்தான்.

இந்த வளர்ச்சிக்குத் திறமை ஒரு காரணம். இன்னொன்று, படத்தை அச்சாக்கி ஊர் முழுக்கக் காட்டினால் என்ன நடக்கும் என்பதை அவர் மற்றவர்களுக்கு முன்பே புரிந்துகொண்டது. 1754-லேயே தன் படம் ஒன்றை டப்ளினிலிருந்து வந்த ஜேம்ஸ் மெக்கார்டெல் என்பவரிடம் கொடுத்து அச்சாக்க வைத்தார். சிறுமி சார்லட் ஃபிட்ஸ்வில்லியமின் படம் அது. மெக்கார்டெல் தகட்டில் காட்டிய நுணுக்கத்தைப் பார்த்து, "இந்த ஆளால்தான் நான் சாகாவரம் பெறுவேன்" என்று ரேனால்ட்ஸ் சொன்னதாக வழிவழியாகச் சொல்லி வருகிறார்கள். மெக்கார்டெல் 1765-ல், நாற்பது வயதைத் தொடாமலே இறந்தார். அவருக்குப் பின்னால் அயர்லாந்திலிருந்து வந்த எட்வர்ட் ஃபிஷர், ஜேம்ஸ் வாட்சன் போன்றவர்கள், பிறகு வில்லியம் டிக்கின்சன், ஜான் ரஃபேல் ஸ்மித், வேலன்டைன் கிரீன் என்று ஒரு பட்டாளமே ரேனால்ட்ஸ் படங்களை அச்சாக்கியது. அவர் காலத்திலேயே 400-க்கு மேற்பட்ட அச்சுகள் வந்துவிட்டன.

அந்த அச்சுகளை அவர் எப்படிப் பயன்படுத்தினார் என்பதையும் சொல்ல வேண்டும். லெஸ்டர் ஃபீல்ட்ஸில் இருந்த அவர் வீட்டில், அதுவரை வெளியான அச்சுகளை ஒரு பெரிய உறையில் போட்டு வைத்திருந்தார். படம் வரையச் சொல்லி வருபவர்கள் அதைப் புரட்டிப் பார்த்து, 'எனக்கு இந்த நிலை வேண்டும்' என்று சொல்லலாம். கல்யாண வீட்டுக்குப் போட்டோகாரர் கொண்டுவரும் ஆல்பம் மாதிரி. 1770-களில் அவர் வரையும் முழு உருவப் படம் ஒன்றுக்கு 150 கினி. அதைத் தர முடியாத ஆயிரம் பேர் சில ஷில்லிங் கொடுத்து அச்சை வாங்கிப்போக முடிந்தது. கடைச் சன்னலில் தொங்கும் அச்சைச் சும்மா நின்று பார்த்துவிட்டுப் போனவர்கள் இன்னும் அதிகம். கிட்டி ஃபிஷர் என்ற லண்டன் அழகியை ரேனால்ட்ஸ் 1759-ல் வரைந்தார். அந்தப் படத்தின் அச்சுகள் பரவியதில், கைக்கடிகாரம் வராத அந்தக் காலத்தில், சட்டைப்பைக் கடிகார மூடிக்குள் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சின்ன வட்டப் படமாகக்கூட அவர் முகம் விற்றது.

எது விற்கிறதோ அதைத் திருடுவதும் நடந்தது. ரிச்சர்ட் பர்சல் என்பவர் திறமைசாலி. ஆனால் மற்றவர்களின் அச்சைப் பார்த்து மறு அச்சு செய்து, சார்லஸ் கார்பட் என்ற பொய்ப் பெயரில் வெளியிட்டார். ஓவியர் ஹோகார்த் முன்னின்று போராடி 1735-ல் வாங்கிய சட்டம் செதுக்குக் கலைஞர்களுக்கு 14 ஆண்டு உரிமை தந்தது. பின்னால் அது 28 ஆண்டாக நீண்டது. உரிமை வேண்டுமென்றால் வெளியிட்ட தேதியையும் உரிமையாளர் பெயரையும் தகட்டிலேயே செதுக்க வேண்டும். அன்றைக்கு வியாபாரத்துக்காகச் செதுக்கிய அந்த ஒரு வரி இன்றைக்கு நமக்குப் பெரிய உதவி. ஓவியங்களில் ரேனால்ட்ஸ் பெரும்பாலும் கையெழுத்தோ தேதியோ போடுவதில்லை. அச்சின் அடியில் நாள், மாதம், ஆண்டு தெளிவாக இருக்கும். அந்தத் தேதிக்கு முன்பே படம் இருந்தது என்பது உறுதி.

கறுப்பிலிருந்து வெளிச்சத்துக்கு

கிரீன் செய்த வேலையின் பெயர் மெசோடின்ட். அதைத் தெரிந்துகொண்டால்தான் அந்த அச்சு எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்று புரியும்.

சாதாரணச் செப்புச் செதுக்கலில் கோடு கோடாக வெட்டுவார்கள். வெட்டிய கோட்டில் மை நிற்கும், அது காகிதத்தில் கறுப்பாகப் பதியும். நிழல் வேண்டுமென்றால் கோடுகளை நெருக்க வேண்டும். மெசோடின்டில் வேலை தலைகீழ். முதலில் தகடு முழுவதையும் கறுப்பாக்குகிறார்கள். அரைவட்ட முனையில் நெருக்கமாகப் பற்கள் கொண்ட ஓர் உளி இருக்கும். அதைத் தொட்டிலை ஆட்டுவதுபோல இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டிக்கொண்டே தகட்டின் மேல் நகர்த்த வேண்டும். நீளவாக்கில் ஒரு தரம், அகலவாக்கில் ஒரு தரம், கோணல் மாணலாகப் பல தரம். இரண்டடி உயரமுள்ள தகடு என்றால் நாள்கணக்கில் இதே வேலை. முடிந்ததும் தகட்டின் மேல் கோடிக்கணக்கில் செப்புப் பிசிறுகள் எழும்பி நிற்கும். கையால் தடவினால் வெல்வெட் மாதிரி இருக்கும். இந்த நிலையில் மை பூசி அச்செடுத்தால் காகிதத்தில் விழுவது ஒரே கும்மிருட்டு.

அதன் பிறகுதான் கலைஞரின் வேலை தொடங்குகிறது. வெளிச்சம் வேண்டிய இடத்தில் சுரண்டியால் பிசிறைக் கொஞ்சம் எடுக்கிறார், கறுப்பு சாம்பலாகிறது. இன்னும் எடுத்தால் வெளிர் சாம்பல். மெருகுக் கருவியால் முழுக்க வழவழப்பாக்கினால் மை நிற்காது. காகிதத்தின் வெண்மை அப்படியே தெரியும். மூக்கின் மேல் விழும் ஒளி, முத்து மாலையின் பளபளப்பு எல்லாம் அப்படி வருபவை. இருட்டறையில் ஒருவர் மெல்ல விளக்கைத் தூண்டுவதுபோல முகம் வெளியே வருகிறது. இதில் கோடே கிடையாது. எண்ணெய் வண்ணத்தில் ஒரு நிறம் இன்னொன்றில் கரைவதற்கு இதைவிட நெருங்கிய மாற்று அந்தக் காலத்தில் இல்லை.

1642-ல் லுட்விக் ஃபோன் சீகன் என்ற ஜெர்மானியர் இந்த முறையில் முதல் படம் போட்டார். ஆனால் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடியது இங்கிலாந்துதான். பிரெஞ்சுக்காரர்களே இதற்கு 'இங்கிலீஷ் பாணி' என்று பெயர் வைத்தார்கள்.

ஒரு குறை உண்டு. பிசிறு மென்மையானது. ஒவ்வொரு தரமும் மை பூசித் துடைத்து உருளையில் கொடுத்து நசுக்கும்போது அது கொஞ்சம் கொஞ்சமாகத் தேயும். நூறு பிரதி தாண்டும்போதே தகடு களைப்பைக் காட்டும். ஆழ்ந்த கறுப்பு சாம்பலாகும், முகத்தின் நடுநிழல்கள் மறையும். பிறகு தகட்டைத் திரும்பவும் கீறிச் சரிசெய்து ஓட்டுவார்கள். அதனால் 'கிரீனின் அச்சு' என்று ஒரே பொருளாகப் பேச முடியாது. எழுத்துகள் பொறிப்பதற்கு முன் எடுத்த முதல் நிலைப் பிரதி ஒன்று, ஓய்ந்துபோன தகட்டின் கடைசிப் பிரதி இன்னொன்று. இரண்டும் ஒரே தகட்டில் வந்தவை என்று நம்பவே சில நேரம் கஷ்டமாக இருக்கும். இருபதாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ரேனால்ட்ஸ் படங்களின் மிகச் சிறந்த முதல் நிலை மெசோடின்ட் பிரதிகளுக்கு லண்டன் ஏலங்களில் ஆயிரம் பவுனுக்கு மேல் விலை போனது இதனால்தான்.

வெளிறிய கன்னங்கள்

ரேனால்ட்ஸின் பெரிய பலவீனம், அவருக்குப் பொறுமை இல்லாமல் போனது. வரையும் விஷயத்தில் இல்லை, வண்ணம் விஷயத்தில். டிஷியனும் ரெம்பிராண்டும் தந்த ஆழமும் ஒளியும் தன் படத்தில் உடனே வர வேண்டும் என்று ஆசைப்பட்டார். அதற்காக மெழுகு, முட்டை, பிசின், தார், பலவகைத் தைலங்கள் என்று எதையெதையோ கலந்து பார்த்தார். செய்ததைக் கணக்குப் புத்தகத்தில் இத்தாலியமும் ஆங்கிலமும் கலந்த மொழியில் குறித்தும் வைத்தார். 1772-ஆம் ஆண்டுக் குறிப்பு ஒன்று: ஒரு பெண்ணின் படத்துக்குப் பிசினும் சுண்ணப் பொடியும், மேலே மெழுகு, அதன் மேல் முட்டை, அதன் மேல் வார்னிஷ், பிறகு திருத்தம். அந்த வரி முடிவது 'வெடிப்பு' என்ற சொல்லில். ஒன்றோடொன்று சேராத, வேறுவேறு வேகத்தில் காயும் பொருள்களை அடுக்கினால் வெடிக்காமல் என்ன செய்யும்? தாரோ கடைசிவரை சரியாகக் காய்வதே இல்லை. அது கலந்த படங்களின் இருண்ட பகுதி முதலைத் தோல் மாதிரி பிளந்து கிடக்கும்.

வெடிப்பைவிட மோசமானது வெளிறல். முகத்தின் செம்மைக்கு அவர் கார்மைன் பயன்படுத்தினார். கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து எடுக்கும் அழகான சிவப்பு; ஆனால் வெளிச்சம் பட்டால் நிற்காது. அவர் வீட்டிலேயே ஐந்து ஆண்டுகள் தங்கித் தொழில் கற்ற ஜேம்ஸ் நார்த்கோட், வெர்மிலியன் சிவப்பு நிலைத்து நிற்குமே என்று ஒரு தரம் சொல்லிப் பார்த்திருக்கிறார். ரேனால்ட்ஸ் தன் கையைப் பார்த்துவிட்டு, சதையில் வெர்மிலியன் எதுவும் எனக்குத் தெரியவில்லையே என்று பதில் சொன்னாராம். கண் பார்ப்பதற்கு அவர் உண்மையாக இருந்தார். காலம் பார்ப்பதை யோசிக்கவில்லை. வரைந்து சில ஆண்டுகளிலேயே பல முகங்கள் சாம்பல் பூத்துப் போயின. தன் படம் இப்படி வெளிறிப்போன கோபத்தில் சர் வால்டர் பிளாக்கெட் என்பவர் நாலு வரிப் பாட்டு ஒன்று கட்டியதாகச் சொல்வார்கள். இறந்தவர் முகத்தை நினைவில் வைக்கத்தான் ஓவியம் பிறந்தது, இந்த மனிதரோ ஆளுக்கு முன்னால் படத்தைச் சாக விடுகிறார் என்பது அதன் கருத்து. மேரி இசபெல்லாவின் கதை அந்தப் பாட்டை எழுத்துக்கு எழுத்து உண்மையாக்கிவிட்டது, காரணம் மட்டும் வேறு.

இத்தனைக்கும் அவரிடம் கூட்டம் குறையவில்லை. ரேனால்ட்ஸின் வெளிறிய படம்கூட உங்களுக்குக் கிடைக்கக்கூடியதில் மிகச் சிறந்ததாக இருக்கும் என்று சர் ஜார்ஜ் போமாண்ட் ஒருவருக்கு ஆலோசனை சொன்னார். நானும் அந்தக் கட்சிதான். லண்டனின் வாலஸ் கலெக்ஷன் அருங்காட்சியகத்தில் ரேனால்ட்ஸின் 12 படங்கள் உள்ளன. அவற்றைப் பல ஆண்டு ஆராய்ந்து, 2015-ல் அவருடைய வண்ணச் சோதனைகளைப் பற்றியே ஒரு கண்காட்சி நடத்தினார்கள். அவர் செய்ததை வெறும் அலட்சியம் என்று தள்ளிவிட முடியாது. தேடித் தேடிப் பார்த்த ஒரு மனிதரின் தடங்கள் அவை.

இங்கேதான் அச்சின் மதிப்பு வருகிறது. அச்சு மையில் இருப்பது கரி. கரி வெளிச்சத்தில் வெளிறாது. கிரீனோ ஸ்மித்தோ தகட்டைச் சுரண்டும்போது அவர்கள் முன்னால் இருந்தது புதிதாக வரைந்த ஓவியம். கன்னத்தில் கார்மைன் பூச்சு இருந்த இடத்தைச் சுற்றியிருந்த வெண்மையைவிட ஒரு மாற்றுக் கறுப்பாகத்தான் அவர்கள் காட்டியாக வேண்டும். இன்று ஓவியத்தில் அந்தச் சிவப்பு போய், அடியில் இருந்த குளிர்ந்த வெண்சாம்பல் மட்டும் தெரிகிறது. முகம் தட்டையாகிறது. அதே படத்தின் நல்ல அச்சுப் பிரதியைப் பக்கத்தில் வைத்தால் கன்னம் உருண்டு நிற்கிறது. நிறம் போனாலும், அந்த நிறம் தந்த உருட்சி கறுப்பு வெள்ளைக் கணக்காக அச்சில் தங்கிவிட்டது.

சாட்சியை விசாரிப்பது

சரி, எரிந்த படத்துக்கு வருவோம். எரிந்த படத்தை அச்சோடு ஒப்பிட முடியாது. அப்படியானால் கிரீனை எந்த அளவு நம்புவது?

வழி இருக்கிறது. கிரீன் இந்தப் படத்தைத் தனியாக வெளியிடவில்லை. 1780-லிருந்து 'இக்காலத்து அழகிகள்' என்ற பெயரில் ரேனால்ட்ஸின் முழு உருவப் பெண் படங்களை வரிசையாக அச்சிட்டார். நூறு ஆண்டுகளுக்கு முன் லெலியும் நெல்லரும் அரசவை அழகிகளை வரிசையாக வரைந்திருந்தார்கள். அந்த மரபைத் தன் காலத்துக்குக் கொண்டுவரும் எண்ணம். அந்த வரிசையில் டெவன்ஷயர் சீமாட்டி ஜார்ஜியானாவும் ஹாரிங்டன் சீமாட்டி ஜேனும் உண்டு. இவர்கள் இருவரின் ஓவியங்களும் எரியவில்லை. இன்று கலிபோர்னியாவின் ஹன்டிங்டன் அருங்காட்சியகத்தில் இருக்கின்றன. ஒரே கலைஞர், ஒரே வரிசை, ஏறத்தாழ ஒரே காலம், ஒரே அளவு. இவற்றை அச்சோடு ஒப்பிட்டு கிரீனின் கை எப்படிப்பட்டது என்று முதலில் தெரிந்துகொள்ளலாம். அந்த அளவுகோலை வைத்து மேரி இசபெல்லாவைப் படிக்கலாம்.

ஜார்ஜியானாவின் தலையில் நெட்டையாக நிற்கும் இறகுகள், படிக்கட்டு, கைப்பிடிச் சுவர், ஹாரிங்டன் சீமாட்டியின் நீட்டிய கை, காற்றில் அலையும் துணி: எதையும் கிரீன் சொந்தமாகக் கற்பனை செய்யவில்லை. எட்வர்ட் ஃபிஷரைப் பற்றி ரேனால்ட்ஸ் ஒரு குறை சொல்வார்: தேவையில்லாத இடத்தில் துல்லியம், மரத்தின் இலையைக்கூட முகத்துக்குக் கொடுக்கும் கவனத்தோடு முடிக்கிறார் என்று. கிரீன் அப்படி இல்லை. பின்னணி மரங்களைப் பெரிய இருட்டுத் திட்டுகளாகவே விடுகிறார், கண்ணை உருவத்தின் மேல் கொண்டுவந்து நிறுத்துகிறார். எட்டடி உயர ஓவியம் இரண்டடிக் காகிதமாகச் சுருங்கும்போது எதை விடுவது என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஓவியத்தின் மொத்த எடையை, எங்கே இருட்டு எங்கே வெளிச்சம் என்ற கணக்கை, அவர் நம்பகமாகக் கொண்டுவருகிறார் என்று இந்த இரண்டு ஜோடிகளையும் பார்த்தவர்கள் ஒத்துக்கொள்வார்கள்.

அந்த நம்பிக்கையோடு மேரி இசபெல்லாவின் அச்சைப் பார்த்தால், திறந்தவெளியில் நிற்கிறார். உடை அன்றைய லண்டன் மோஸ்தரில் இல்லை. உடலைத் தழுவி வழியும் தளர்ந்த ஆடை, பழைய கிரேக்க ரோமச் சிலைகளை நினைவுபடுத்துவது. ஆனால் தலை முடி மட்டும் அப்படியே 1780: உயரமாகத் தூக்கிக் கட்டியது. இந்தக் கலவை தற்செயல் இல்லை. 1776-ல் அகாடமி மாணவர்களுக்கு ஆற்றிய ஏழாவது சொற்பொழிவில் ரேனால்ட்ஸ் இதையே சொல்கிறார்: கண்ணியத்துக்காக உடையில் பழங்காலச் சாயல் வேண்டும், ஆளை அடையாளம் காண்பதற்காக நிகழ்காலத்தின் ஏதோ ஒன்றும் மிஞ்ச வேண்டும். மோஸ்தர் உடையில் வரைந்தால் பத்து ஆண்டில் படம் கேலிக்கிடமாகிவிடும் என்ற பயம் அவருக்கு. சீமாட்டிக்கு இது பிடிக்கவில்லை போலும். பதினொரு உடைகளைப் போட்டுப் பார்க்க வைத்துவிட்டு, கடைசியில் அந்தப் படுக்கையறை அங்கியில் வரைந்துவிட்டார் என்று அவர் குறைப்பட்டுக்கொண்டதாக ஒரு பேச்சு உண்டு. ஓவியம் சாம்பலான பிறகும் அந்தக் குறையில் நியாயம் உண்டா இல்லையா என்று நம்மால் பார்த்துச் சொல்ல முடிவது கிரீனால்தான். எனக்கென்னவோ ரேனால்ட்ஸ் சொன்னதுதான் சரி என்று படுகிறது. உடையில் காலம் தெரியவில்லை. முடியில் மட்டும் தெரிகிறது.

அச்சு சொல்லாதது நிறம். மெசோடின்டுக்கு வண்ணம் தெரியாது, வெளிச்சத்தின் அளவு மட்டும் தெரியும். ஆழ்ந்த சிவப்பும் ஆழ்ந்த பச்சையும் அதில் ஒரே இருட்டாக விழலாம். வெளிர் ஆடை வெள்ளையா, சந்தன நிறமா, இளஞ்சிவப்பா என்று அச்சை வைத்து ஒருவர் அடித்துச் சொன்னால் நம்பக் கூடாது. அதுபோல, கையில் இருக்கும் பிரதி தகட்டின் எந்த வயதில் எடுத்தது என்று பார்க்காமல் முகபாவத்தைப் பற்றிப் பேசுவதும் ஆபத்து. தேய்ந்த தகட்டில் உதட்டோரத்து நிழல் போய்விட்டால் சிரிப்பு இருந்த முகம் வெறித்த முகமாகிவிடும். அந்தக் குற்றத்தை ரேனால்ட்ஸ் மேலும் போடக் கூடாது, கிரீன் மேலும் போடக் கூடாது. உருளையை நூறாவது முறைக்கு மேல் சுற்றியதால் வந்தது அது.

கதவுக்கு வெளியே நின்றவர்கள்

இவ்வளவு செய்தவர்களுக்கு அந்தக் காலம் என்ன மரியாதை கொடுத்தது என்பது எனக்கு வருத்தம் தரும் பகுதி. ராயல் அகாடமியில் செதுக்குக் கலைஞர்கள் முழு உறுப்பினர் ஆக முடியாது. 'இணை' என்று ஒரு தனி வகுப்பு வைத்து, அதிலும் ஆறு பேருக்கு மட்டும் இடம் கொடுத்தார்கள். அவர்கள் செய்வது சொந்தப் படைப்பு இல்லை, நகல் என்பதே காரணம். 'இந்த ஆளால் நான் சாகாவரம் பெறுவேன்' என்று சொன்னவர் தலைமை தாங்கிய அகாடமி அது. கிரீன் 1773-லேயே அரசரின் மெசோடின்ட் கலைஞர் என்ற பட்டம் பெற்றவர். அவருக்கும் 1775-ல் கிடைத்தது அந்த இணை இடம்தான். செதுக்குக் கலைஞர் ஒருவர் அகாடமியில் முழு உறுப்பினர் ஆவதற்கு 1855 வரை, சாமுவேல் கசின்ஸ் வரும்வரை, காத்திருக்க வேண்டியிருந்தது.

1783-ல் கிரீனுக்கும் ரேனால்ட்ஸுக்கும் இடையே மனக்கசப்பு வந்தது. நடிகை சாரா சிடன்ஸைச் சோக நாடகத்தின் தேவதையாக ரேனால்ட்ஸ் வரைந்துகொண்டிருந்தார். அந்தப் படத்தை அச்சாக்கும் வாய்ப்பு தனக்கு என்று கிரீன் நம்பினார். சிடன்ஸோ ஃபிரான்சிஸ் ஹேவர்டை விரும்பினார், ரேனால்ட்ஸ் அதற்கு இணங்கினார். கிரீன் கடுமையாகக் கடிதம் எழுத, ரேனால்ட்ஸ் பதில் எழுத, வார்த்தை தடித்தது. ஹேவர்டின் அச்சு 1787-ல் வந்தது. புள்ளி புள்ளியாகக் குத்தி எடுக்கும் வேறு முறையில் செய்தது, நல்ல வேலைதான். ஆனால் அந்தப் படத்தின் இருட்டையும் புகைமூட்டத்தையும் மெசோடின்டில் கிரீன் எடுத்திருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை.

ரேனால்ட்ஸ் 1792 பிப்ரவரியில் இறந்து புனித பால் தேவாலயத்தில் பெரிய மரியாதையோடு அடக்கமானார். கடைசி ஆண்டுகளில் இடது கண்ணின் பார்வை போயிருந்தது. அவருக்குப் பிறகும் அச்சு நிற்கவில்லை. அவருக்கு உறவில்லாத சாமுவேல் வில்லியம் ரேனால்ட்ஸ் என்ற மெசோடின்ட் கலைஞர் 1820-களில் அவருடைய நூற்றுக்கணக்கான படங்களைச் சின்ன அளவில் அச்சாக்கி வெளியிட்டார். மேலே சொன்ன கசின்ஸ் அவரிடம் தொழில் பழகியவர்தான். அதற்குள் செம்புக்குப் பதில் எஃகுத் தகடு வந்து, ஒரு தகட்டில் ஆயிரக்கணக்கில் அச்செடுக்க வழி பிறந்துவிட்டது.

கிரீன் அதையெல்லாம் பார்க்கவில்லை. 1789-ல் ஜெர்மனியின் டூசல்டோர்ஃப் ஓவியக்கூடத்துப் படங்களை அச்சாக்கும் தனி உரிமையை வாங்கி, கையிலிருந்த பணத்தையெல்லாம் அதில் போட்டார். பிரெஞ்சுப் போர் வந்து அந்தத் திட்டத்தைக் கெடுத்தது. போட்ட முதல் போயிற்று. 1805-ல் லண்டனில் ஓவியக் கண்காட்சிகள் நடத்தும் பிரிட்டிஷ் இன்ஸ்டிட்யூஷன் தொடங்கியபோது அதன் காப்பாளர் வேலை கிடைத்தது. வாழ்நாளில் ஏறத்தாழ 400 தகடுகள் செய்திருந்தார். அவற்றில் ஒன்றுதான் ரட்லண்ட் சீமாட்டி. அவர் 1813-ல் இறந்தார். ஓவியம் அப்போது பீவர் கோட்டையின் சுவரில் இருந்தது. அது எரிய இன்னும் மூன்று ஆண்டுகள் இருந்தன.